ராத்திரி வைத்தது காலைக்குத் தாங்குமா?



அடுத்த குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் எல்லாம் பேசி முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "இன்னிக்குக் காலையில என்ன சாப்பிட்டீங்க?" பலரிடமிருந்தும் வரும் பதில் "டீ குடிச்சேன்" என்பதாகத்தான் இருக்கும்.

விடிவதற்கு முன்னால் எழுந்து, வாசல் தெளித்து, தண்ணீர் பிடித்து, மாட்டைக் கவனித்து, பிள்ளைகளைக் கிளப்பிவிட்டு, களை வெட்டவோ மில்லுக்கோ ஓடுகிறோம். வீட்டில் எல்லாருக்கும் போட்டுக் கொடுத்த பிறகு நாம் உட்கார்ந்து சாப்பிட நேரம் இருப்பதில்லை. சில நாள் பாத்திரத்தில் மிச்சமும் இருப்பதில்லை.

இதன் விளைவு என்ன? 2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்தசோகை. அதாவது 20 பேர் உள்ள ஒரு குழுவில் 10 பேருக்கு மேல். ரத்தசோகைக்குக் காரணங்கள் பல உண்டு. இரும்புச்சத்துள்ள உணவைப் போதுமான அளவு சாப்பிடாதது அதில் முக்கியமானது. காலைச் சாப்பாட்டையும் விட்டுவிட்டால் அந்தக் குறை இன்னும் கூடும்.

2022 செப்டம்பர் 15ஆம் தேதி மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமைக்கும் பொறுப்பு மகளிர் குழுப் பெண்களை நம்பித்தான் கொடுக்கப்பட்டது. ஊர்ப் பிள்ளைகளுக்கே நேரத்துக்குச் சமைத்துப் போடத் தெரிந்த நமக்கு, நம் வயிற்றுக்கு நேரத்துக்குப் போட வழி இல்லையா?

வழி இருக்கிறது. காலை உணவை முந்தின நாள் ராத்திரியே தயார் செய்துவிடுவதுதான் அது. கூழ், பழைய சோறு, இட்லி மாவு என்று நம் பாட்டிமார் செய்ததெல்லாம் இதுதான். ஆனால் எல்லா உணவையும் இப்படி வைக்க முடியாது. எது தாங்கும், எது தாங்காது, ஏன் என்று தெரிந்துகொண்டால்தான் பயமில்லாமல் செய்யலாம்.

புளிப்பது வேறு, ஊசிப்போவது வேறு

நம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மாவிலும் இருக்கின்றன, காற்றிலும் இருக்கின்றன, நம் கையிலும் இருக்கின்றன. இவற்றில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு.

கரைத்த மாவில் நல்ல நுண்ணுயிர்கள் பெருகும்போது லாக்டிக் அமிலம் என்ற புளிப்பு உண்டாகிறது. பால் தயிராவதும் இதே வேலைதான். இந்தப் புளிப்பில் கெட்ட கிருமிகள் பல பெருக முடியாது. புளிப்பு ஒரு காவல்காரன் மாதிரி. புளிக்குழம்பு மறுநாள் வரை நன்றாக இருக்க, தேங்காய்ச் சட்னி மதியத்துக்குள் கெட்டுவிடுவதை யோசித்துப் பாருங்கள். புளியும் உப்பும் குழம்பைக் காக்கின்றன. சட்னியில் அந்தக் காவல் இல்லை.

பால், முட்டை, பருப்பு, தேங்காய், கறி போன்றவை கெட்ட கிருமிக்கும் நல்ல தீனி. நம் ஊர் வெப்பத்தில் ஒரு கிருமி 20 நிமிடத்தில் இரண்டாகிவிடும். இரண்டு நாலாகும், நாலு எட்டாகும். அதே வேகத்தில் போனால் 8 மணி நேரத்தில் ஒரு கிருமி 1 கோடிக்கு மேல் ஆகிவிடும். ராத்திரி 10 மணிக்கு மூடி வைத்து காலை 6 மணிக்குத் திறப்பதற்குள் இவ்வளவு நடந்துவிடும்!

"அதான் காலையில கொதிக்க வெச்சிடறோமே" என்று சிலர் சொல்வதுண்டு. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆனால் சில கிருமிகள் உணவில் விட்டுவிட்டுப் போகும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. வாந்தியும் பேதியும் அதனால் வரலாம். ஆகவே கெட்டுப்போனதைச் சுட வைத்துச் சரிக்கட்ட முடியாது.

கேழ்வரகுக் கூழ் செய்யும் முறை

5 பேர் உள்ள வீட்டுக்குத் தேவையானவை: கேழ்வரகு மாவு கால் கிலோ, அரிசி நொய் 100 கிராம், உப்பு, தண்ணீர்.

1. காலையில் வேலைக்குப் போவதற்கு முன் மாவை 3 டம்ளர் தண்ணீரில் கட்டி இல்லாமல் கரைத்து மூடி வையுங்கள். வெயில் காலத்தில் 8 முதல் 10 மணி நேரத்தில் புளித்துவிடும். மழை, பனிக் காலத்தில் முந்தின ராத்திரியே கரைத்துவிடலாம்.

2. ராத்திரி, நொய்யைக் கழுவி 5 டம்ளர் தண்ணீரில் குழைய வேகவிடுங்கள்.

3. நொய் வெந்ததும் அடுப்பைக் குறைத்து, புளித்த மாவை ஊற்றிக்கொண்டே கிண்டுங்கள். கை விடாமல் 15 முதல் 20 நிமிடம் கிண்ட வேண்டும். கையைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டால் ஒட்டக்கூடாது. அதுதான் பதம். உப்பு போட்டு இறக்குங்கள்.

4. ஆறியதும் மூடி வையுங்கள். சுடச்சுட இறுக்கி மூடினால் உள்ளே வியர்த்து நீர் விடும். ஈரக்கையோ, எச்சில் கரண்டியோ படக்கூடாது.

5. காலையில் வேண்டிய அளவு எடுத்து, கொதித்து ஆறிய தண்ணீரும் மோரும் விட்டுக் கரைத்துக் குடியுங்கள். இதற்கு 5 நிமிடம் போதும். காட்டுக்குப் போகிறவர்கள் தூக்கில் ஊற்றி எடுத்துக்கொண்டும் போகலாம்.

கிண்டிய கூழை மறுநாள் மதியத்துக்குள் தீர்த்துவிடுங்கள். நூல் விட்டாலோ, நிறம் மாறினாலோ, வழக்கமான புளிப்பு வாசனை இல்லாமல் துர்நாற்றம் வந்தாலோ மனசு பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

இதில் என்ன சத்து?

100 கிராம் கேழ்வரகில் சுமார் 340 முதல் 360 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவுதான். மேலே சொன்ன கணக்கில் ஆளுக்கு 50 கிராம் கேழ்வரகு சேரும். அதாவது சுமார் 170 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து. ஏறக்குறைய ஒரு சின்ன டம்ளர் பாலில் உள்ள அளவு. முழங்கால் வலி, இடுப்பு வலி என்று சொல்லும் நம் பெண்களின் எலும்புக்கு இது தேவை.

இரும்புச்சத்துக்குக் கம்பு நல்லது. 100 கிராமில் 6 முதல் 8 மில்லிகிராம் வரை உண்டு. ஆகவே வாரத்தில் இரண்டு மூன்று நாள் கம்பங்கூழ் வையுங்கள். கம்பு மாவு சீக்கிரம் கசந்துவிடும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துக்கொள்ளுங்கள்.

தானியத்தில் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்து வைக்கும் பொருள் ஒன்று அதே தானியத்தில் இருக்கிறது. புளிக்க வைக்கும்போது அது குறைகிறது. அதனால் புளித்த கூழ் ருசிக்காக மட்டும் இல்லை, சத்து சேருவதற்கும்தான். கூடவே நெல்லிக்காய், எலுமிச்சை ஊறுகாய், மாங்காய்த் துண்டு, முருங்கைக்கீரைப் பொரியல் ஏதாவது ஒன்று வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. கூழ் குடித்த கையோடு டீ குடிக்காதீர்கள். டீ இரும்புச்சத்தைத் தடுக்கும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. சர்க்கரை நோய் உள்ளவர்கள் "கூழ்தானே" என்று சொம்பு சொம்பாகக் குடிக்கக்கூடாது. கேழ்வரகும் மாவுச்சத்துதான். அளவோடு, பயறு, கீரையோடு சேர்த்துச் சாப்பிடுங்கள். 6 மாதம் முடியாத குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே. அதற்கு மேல் உள்ள கைக்குழந்தைக்கு அவ்வப்போது புதிதாகக் காய்ச்சிய கெட்டிக் கூழ் கொடுங்கள். ராத்திரி வைத்தது வேண்டாம்.

பழைய சோற்றுக்கும் ஒரு முறை உண்டு

சோறு மிஞ்சினால் ராத்திரி முழுக்க அப்படியே மூடி வைத்து, காலையில் தாளித்துக் கொடுப்பது நல்லதல்ல. சமைத்த சோற்றில் தப்பிப் பிழைக்கும் கிருமி ஒன்று வெதுவெதுப்பில் பெருகி நஞ்சு விடும். சோறு ஆறிய உடனே, சுத்தமான பாத்திரத்தில், கொதித்து ஆறிய தண்ணீரை மூழ்க ஊற்றி வையுங்கள். அதுவும் புளித்துத்தான் காலைக்கு ஆகாரம் ஆகிறது. மண்பானை இருந்தால் சூடு தணிந்திருக்கும்.

ரொட்டியும் முட்டையும் ராத்திரி ஊறலாமா?

இப்போது பிள்ளைகள் கைபேசியில் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள், "அம்மா, ரொட்டியை ராத்திரியே முட்டை பால்ல ஊறப் போட்டு காலையில செய்யறாங்களே, அது செஞ்சு கொடு" என்று. டவுன் கடைகளில் பாம்பே டோஸ்ட் என்று சொல்வதும் ஏறக்குறைய இதுதான். வெளிநாடுகளில் ராத்திரி ஊறவைத்து, காலையில் ஓவன் அடுப்பில் வேகவைக்கிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ராத்திரி முழுக்க அது பிரிட்ஜில், 5 டிகிரிக்குக் கீழே இருக்கிறது. அங்கே காவல்காரன் புளிப்பு இல்லை, குளிர்தான்.

நம் வீட்டில் பிரிட்ஜ் இல்லையென்றாலோ, ராத்திரியில் அடிக்கடி கரண்டு போகிறது என்றாலோ, முட்டையும் பாலும் கலந்து வைக்கவே கூடாது. பதிலாக இப்படிச் செய்யுங்கள். காய்ந்த வேலையை ராத்திரி முடியுங்கள், ஈர வேலையைக் காலைக்கு வையுங்கள். 8 துண்டு ரொட்டியை எடுத்து மூடி வைப்பது, 3 ஸ்பூன் சர்க்கரையோடு ஏலக்காயைப் பொடித்து வைப்பது, தோசைக்கல்லைத் துடைத்து வைப்பது எல்லாம் ராத்திரி. காலையில் விரிசல் இல்லாத 3 முட்டையை உடைத்து, காய்ச்சி ஆறிய ஒரு டம்ளர் பாலும் சர்க்கரையும் சேர்த்து அடித்து, ரொட்டியை நனைத்து, கல்லில் கொஞ்சம் எண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் நன்றாக வேகவிடுங்கள். உள்ளே கொழகொழவென்று இருக்கக்கூடாது. கால் மணி நேரத்தில் 4 பேருக்கு ஆகிவிடும்.

பிரிட்ஜ் உள்ளவர்கள் ராத்திரி தூக்குச்சட்டியில் ஊறவைத்து மூடி உள்ளே வைக்கலாம். காலையில் சட்டியோடு இட்லிப் பானையில் வைத்து 25 முதல் 30 நிமிடம் ஆவியில் வேகவிடுங்கள். கத்தியால் குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும். அதுவரை நீங்கள் வேறு வேலை பார்க்கலாம்.

யாருக்காவது வாந்தி, பேதி வந்தால் உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கரைத்துக் கொடுக்கத் தொடங்குங்கள். குழந்தை சோர்ந்து போனாலோ, குடிக்க மறுத்தாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

ராத்திரி வைக்கும் உணவுக்குப் புளிப்பு காவல், அல்லது குளிர் காவல். இரண்டும் இல்லையென்றால் வைக்காதீர்கள். இதை மட்டும் மனதில் வைத்தால் போதும்.

இன்னொரு விஷயத்தையும் வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. கூழ் செய்து வைத்தாலும், "அவங்க எல்லாம் குடிக்கட்டும், மிச்சம் இருந்தா பார்த்துக்கலாம்" என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். மிச்சத்தில் ரத்தம் ஊறாது. கரைக்கும்போதே நம் பங்கையும் தனியாக ஒரு சொம்பில் கரைத்து வைப்போம்.

அடுத்த கூட்டத்தில் இந்த மூன்றையும் பேசுங்கள்:

1. இன்று காலை நம் குழுவில் எத்தனை பேர் சாப்பிட்டுவிட்டு வந்தோம்?

2. நம் வீட்டில் ராத்திரி மூடி வைக்கும் உணவுகள் என்னென்ன? எதற்குக் காவல் இருக்கிறது, எதற்கு இல்லை?

3. கூழ் கிண்டுவதிலும், காலையில் கரைத்துக் கொடுப்பதிலும் வீட்டு ஆண்களும் வளர்ந்த பிள்ளைகளும் என்ன பங்கு எடுக்கலாம்?

சேமிப்பில் மாதாமாதம் நம் பேரில் ஒரு பங்கு எழுதுகிறோம் அல்லவா? அதேபோல் கூழ்ச் சட்டியிலும் தினம் நம் பேரில் ஒரு பங்கு இருக்கட்டும்.