கழிப்பறையில் யாரும் இல்லை... ஆனால் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கிறதா?

இரவு 2 மணி. வீட்டில் எல்லாரும் தூங்குகிறார்கள். திடீரென்று கழிப்பறையில் "ஸ்ஸ்ஸ்..." என்று தொட்டி நிரம்பும் சத்தம். பத்து விநாடியில் நின்றுவிடுகிறது.

"டாய்லட்ல யாருடா?" என்று அம்மா அறையிலிருந்து குரல் கொடுத்தார்.

யாரும் இல்லை.

எங்கள் வீவக வீட்டில் இந்தப் 'பேய்' இரண்டு மாதம் குடியிருந்தது. தண்ணீர்க் கட்டணம் ஏறியபோது, நான் நெடுநேரம் குளிப்பதுதான் காரணம் என்று வீட்டில் தீர்ப்பே சொல்லிவிட்டார்கள். உண்மையான குற்றவாளி, தொட்டிக்குள் இருந்த ஒரு ரப்பர் வளையம். உள்ளங்கையைவிடச் சிறியது.

கழிப்பறைக் கோளாறுகள் பலவும் இப்படித்தான். தொட்டியின் மூடியைத் திறந்தால் பாதி விடை கண்ணுக்கே தெரியும். நம்மில் எத்தனை பேர் அந்த மூடியைத் திறந்திருக்கிறோம்?

தொட்டிக்குள் என்னதான் இருக்கிறது?

முக்கியமாக இரண்டு வால்வுகள். ஒன்று தண்ணீரை உள்ளே விடும். மற்றொன்று வெளியே விடும்.

உள்ளே விடும் வால்வுடன் ஒரு மிதவை இருக்கும். தண்ணீர் ஏற ஏற மிதவையும் ஏறும். குறிப்பிட்ட உயரம் வந்ததும் அது வால்வை மூடிவிடும்.

வெளியே விடும் வால்வு தொட்டியின் நடுவில், அடிப்பக்கத்தில் இருக்கும். நாம் பொத்தானை அழுத்தும்போது அது மேலே தூக்கிக்கொள்ளும். தண்ணீர் மொத்தமாகப் பாய்ந்ததும் மறுபடி கீழே உட்காரும். தண்ணீர் ஒழுகாமல் இருக்க அதன் அடியில் ஒரு ரப்பர் வளையம். அதைத்தான் வாஷர், சீல் என்றெல்லாம் சொல்கிறார்கள்.

நடுவில் மேல்நோக்கி நிற்கும் குழாயையும் கவனியுங்கள். மிதவை வேலை செய்யாமல் தண்ணீர் ஏறிக்கொண்டே போனால், தொட்டி நிரம்பித் தரையில் வழியாமல் இந்தக் குழாய் வழியாகப் பௌலுக்குள் போய்விடும். பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாடுதான். ஆனால் தரை நனையாததால், தண்ணீர் வீணாவது நமக்குத் தெரிவதும் இல்லை!

இவ்வளவு சின்னக் கசிவுக்கு இவ்வளவு கவலையா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு லிட்டர் கசிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பௌலின் பின்சுவரில் மெல்லிய கோடு போல இறங்கும் தண்ணீர். உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

ஒரு நாளுக்கு 288 லிட்டர். 30 நாளில் 8,640 லிட்டர், அதாவது 8.64 கன மீட்டர். 2025 ஏப்ரல் முதல், மாதம் 40 கன மீட்டர் வரை பயன்படுத்தும் வீடுகளுக்கு ஒரு கன மீட்டரின் விலை 3.24 வெள்ளி. ஆக, மாதம் சுமார் 28 வெள்ளி. அதற்கு மேல் பொருள் சேவை வரி.

காசை விடுங்கள். 2030-க்குள் ஒருவரின் அன்றாடத் தண்ணீர்ப் பயன்பாட்டை 130 லிட்டராகக் குறைப்பது சிங்கப்பூரின் இலக்கு. ஒரு கசிவு, இரண்டு பேருக்கான அந்த அளவையும் தாண்டிக் குடித்துவிடுகிறது.

இன்னொரு சிக்கல். ஸ்மார்ட் மீட்டர் இல்லாத வீடுகளில் மாதாமாதம் மீட்டரைப் பார்ப்பதில்லை. இடையில் வரும் கட்டணம் பழைய பயன்பாட்டை வைத்துப் போட்ட மதிப்பீடு. அதனால் கசிவு தொடங்கிச் சில வாரம் கழித்துத்தான் கட்டணத்தில் தெரியலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

சமையலறையில் கேசரிப் பவுடர் இருக்கிறதா? இல்லாவிட்டால் கேக்குக்குப் போடும் வண்ணம். தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் கலந்துவிட்டு அரை மணி நேரம் யாரையும் கழிப்பறைப் பக்கம் விடாதீர்கள். (ஐந்து பேர் இருக்கும் வீட்டில் இதுதான் ரொம்பக் கஷ்டம்.) அழுத்தாமலே பௌலில் நிறம் தெரிந்தால் கசிவு உறுதி.

தொட்டியில் நீல மாத்திரை போடும் பழக்கம் இருந்தால், முதலில் அதை எடுத்துவிடுங்கள். குளோரின் கலந்த மாத்திரைகள் ரப்பர் பாகங்களைச் சீக்கிரம் கெடுக்கும் என்பதால், அதைத் திரும்பப் போடாமல் இருப்பதே நல்லது.

கசிவு எந்த வால்வில்? அதற்கும் ஒரு வழி உண்டு. தொட்டிக்குத் தண்ணீர் வரும் சிறிய வால்வை மூடுங்கள். தொட்டியின் உட்புறத்தில் தண்ணீர் நிற்கும் இடத்தைப் பென்சிலால் குறித்துவிட்டு அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால், கீழே உள்ள ரப்பர் வளையம்தான் காரணம். எங்கள் வீட்டுப் பேயும் அதுதான். கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, மட்டம் இறங்கியதும் மிதவை கீழே வந்து, வால்வு திறந்து தொட்டி தானாக நிரம்பும். நள்ளிரவில் கேட்டது அந்தச் சத்தமே.

இரட்டைப் பொத்தான் தொட்டிகள் பலவற்றில், நடுவிலுள்ள அந்த வால்வைக் கால்வட்டம் திருப்பினால் கழன்று வரும். முதலில் வளையத்தைத் துடைத்துப் பாருங்கள். சில நேரம் வெறும் அழுக்குதான். கெட்டியாகியோ நெளிந்தோ இருந்தால் கையோடு வன்பொருள் கடைக்குக் கொண்டுபோய் அதே அளவில் வாங்குங்கள். சில வெள்ளிதான். படம் எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று நினைத்து நான் இரண்டு முறை நடந்தேன்.

மட்டம் இறங்கவில்லை, ஆனால் வால்வைத் திறந்ததும் நடுக்குழாயின் வாய்வழியே தண்ணீர் வழிகிறதா? அப்போது கோளாறு மிதவைப் பக்கம். மிதவையைக் கையால் தூக்குங்கள். தண்ணீர் நின்றால், அதன் திருகையோ கிளிப்பையோ சரிசெய்து மிதவையைக் கொஞ்சம் தாழ்த்தினால் போதும். தூக்கியும் நிற்காவிட்டால் வால்வே தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும்.

தண்ணீர் நடுக்குழாயின் வாய்க்குச் சுமார் 2 சென்டிமீட்டர் கீழே நிற்கவேண்டும். தொட்டிக்குள் கோடு போட்டிருந்தால் அந்தக் கோடுதான் கணக்கு.

மட்டத்தைக் குறைத்தால் தண்ணீர் மிச்சமாகுமே?

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வேண்டாம்.

ஒரு காலத்தில் தொட்டிகள் ஒரு முறைக்கு 9 லிட்டர் ஊற்றின. அப்போது உள்ளே தண்ணீர்ப் பை, போத்தல் எல்லாம் வைத்தார்கள். அதில் அர்த்தம் இருந்தது. 2009 முதல் புதிய வீடுகளிலும் புதுப்பிக்கப்படும் வீடுகளிலும் இரட்டைப் பொத்தான் கட்டாயம். அவற்றில் பெரிய பொத்தானுக்கே அதிகபட்சம் 4.5 லிட்டர், சிறியதற்கு 3 லிட்டர். பௌலும் அந்த அளவுக்கு ஏற்ப வடிவமைக்கப்பட்டது. அதையும் குறைத்தால் ஒரு முறையில் சுத்தமாகாது. இரண்டாவது முறை அழுத்துவோம். மிச்சம் பிடித்தது போச்சு!

சிறிய பொத்தானை இரண்டு முறை அழுத்துவதும் அப்படித்தான். 6 லிட்டர் போகும். பெரியதை ஒரு முறை அழுத்துவதே சிக்கனம்.

தண்ணீர் வேகமே இல்லையா? முதலில் தொட்டியின் மட்டத்தைப் பாருங்கள். பிறகு தண்ணீர் வரும் வால்வு முழுசாகத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அது பாதி மூடியிருந்தால் தொட்டி நிரம்ப நேரமாகும். அடுத்தவர் அழுத்தும்போது பாதித் தண்ணீர்தான் வரும். பொத்தான் மாட்டிக்கொண்டால், அதன் கம்பி வால்வின் மேல் நேராக உட்காராமல் இருக்கலாம்.

பௌலில் நிற்கும் தண்ணீர் கூடிக் குறைகிறதே?

பலர் இதற்கும் மிதவையைத் திருகுகிறார்கள். சம்பந்தமே இல்லை. பௌலின் மட்டத்தை முடிவுசெய்வது அதன் பின்னாலுள்ள வளைந்த குழாய். அங்கே நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை வாடையும் கரப்பான்பூச்சியும் மேலே வராமல் தடுக்கிறது. (ஒரு மாதம் ஊருக்குப் போய்விட்டு வந்தால் கழிப்பறை நாறுவது ஏன் என்று இப்போது புரியும். அந்தத் தண்ணீர் ஆவியாகிக் குறைந்திருக்கும்.)

அழுத்தியதும் மட்டம் உயர்ந்து, மெதுவாக இறங்கினால் அடைப்பு. பெரும்பாலும் ஈரத்தாள். உறையில் 'ஃபிளஷ் செய்யலாம்' என்று எழுதியிருந்தாலும் அது கழிப்பறைத் தாள் போலக் கரைவதில்லை. ரப்பர் பம்ப்பை வைத்து நன்றாக அழுத்தி இழுங்கள். இன்னொரு முறை ஃபிளஷ் செய்து பார்க்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். தரை நனையும்.

யாரும் பயன்படுத்தாமலே மட்டம் குறைகிறதா? வளைவில் துணியோ முடியோ சிக்கி, விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் தண்ணீரை மெல்ல இழுத்துக்கொண்டிருக்கலாம். பௌலில் விரிசலும் இருக்கலாம். அப்படியென்றால் பிளம்பரிடம் காட்டுவது நல்லது. இரண்டு கழிப்பறையிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் இறங்காமல் குமிழிவிட்டால், அது உங்கள் வீட்டுக் கோளாறாக இல்லாமல் புளோக்கின் பொதுக் குழாயாக இருக்கலாம். நகர மன்றத்தை அழையுங்கள்.

சுவருக்குள் பதித்த தொட்டி என்றால் பொத்தான் பலகையைக் கழற்றித்தான் உள்ளே கை விடமுடியும். குழாயை மாற்றும் வேலை என்றால் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் உரிமம் பெற்ற பிளம்பரைக் கேளுங்கள். தொட்டியின் பீங்கான் மூடியை எடுக்கும்போது கீழே துண்டு விரித்து வையுங்கள். அது உடைந்தால், பழைய மாடலுக்கு மூடி மட்டும் தனியாகக் கிடைப்பது கஷ்டம்.

தொட்டி மிகப் பழையது, அடிக்கடி பழுதாகிறது என்றால் மொத்தமாக மாற்றுவதையும் யோசிக்கலாம். பருவநிலைக்கு உகந்த வீடுகள் திட்டத்தின் பற்றுச்சீட்டுகளை 3 டிக் பெற்ற கழிப்பறைத் தொட்டிகளுக்கும் பயன்படுத்தலாம். அவை 2027 டிசம்பர் 31 வரை செல்லும்.

எங்கள் வீட்டில் அதற்குத் தேவை வரவில்லை. வளையத்தை மாற்றிய அன்று இரவு கழிப்பறை அமைதியாக இருந்தது. நான் நெடுநேரம் குளிக்கிறேன் என்ற தீர்ப்பை மட்டும் அம்மா இன்னும் மாற்றவில்லை.