பாலத்துக்கு அந்தப் பக்கம் குலுக்கல், இந்தப் பக்கம்?

காரைக்காலின் வரிச்சிக்குடியிலிருந்து வடக்கே போனால் நண்டலாறு. பாலத்தைத் தாண்டினால் பொறையார், தமிழ்நாட்டின் மயிலாடுதுறை மாவட்டம். பெட்ரோல் விலையும் மதுபான விலையும் அந்தப் பாலத்தில் மாறுவது காரைக்கால்காரர்களுக்குப் பழகிப்போன சங்கதி. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அரசுச் செலவில் தனியார் பள்ளியில் இடம் கிடைக்குமா என்பதும் அங்கேதான் மாறுகிறது. இத்தனைக்கும் சட்டம் இரு கரைக்கும் ஒன்றுதான்.

எந்தச் சட்டம்?

2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். அதன் 12(1)(சி) பிரிவு, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் குறைந்தது 25 சதவீத இடத்தை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது. எட்டாம் வகுப்பு வரை கட்டணம் கிடையாது. 2012-இல் உச்ச நீதிமன்றம் இதைச் செல்லும் என்றது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் தீர்ப்பு வந்தது.

பணம் யார் கைக்குப் போகிறது?

சிலி நாட்டில் 1981 முதல் அரசுப் பணம் பிள்ளை சேரும் பள்ளிக்குப் பின்னாலேயே போகிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் 2022 முதல் எந்தக் குடும்பமும் கணக்குத் தொடங்கி, அரசுப் பணத்தைத் தனியார் படிப்புக்குச் செலவிடலாம். இங்கே பெற்றோர் கைக்குப் பணம் வராது. அரசுப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவு, தனியார் பள்ளி வாங்கும் கட்டணம் இரண்டில் எது குறைவோ அதை அரசு பள்ளிக்குத் திருப்பித் தருகிறது.

அந்தக் கரையில் நடப்பது

தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் இருப்பவர்கள் நலிந்த பிரிவில் விண்ணப்பிக்கலாம். வீடு பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆகவே வரிச்சிக்குடி முகவரியுள்ள ரேஷன் அட்டையோடு பொறையாருக்குப் போனால் எடுபடாது. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் பெற்றோர் முன்னிலையில் குலுக்கல். பெயர் எழுதி மடித்த சீட்டு பெட்டியிலிருந்து வந்தால் எட்டாம் வகுப்பு வரை கவலை தீர்ந்தது; வராவிட்டால் அடுத்த மாதமே கட்டணம் புரட்ட வேண்டும்.

அங்கும் எல்லாம் சீராக இல்லை. வழக்கமாகக் கோடையிலேயே தொடங்கும் சேர்க்கை, 2025-26-இல் அக்டோபருக்குத் தள்ளிப்போனது. தேசியக் கல்விக் கொள்கை தொடர்பான பிணக்கில் ஒன்றிய அரசு கல்வி நிதியை நிறுத்திவைத்ததே காரணம். நிதி வந்து சேர்க்கை தொடங்கியபோது, பள்ளி திறந்து நான்கு மாதம் ஓடியிருந்தது.

இந்தக் கரையில்?

25 சதவீதச் சேர்க்கையை நடத்தாதவை என்று ஒன்றியக் கல்வி அமைச்சகம் பெயர் சொன்ன இடங்களில் கேரளம், மேற்கு வங்கத்தோடு புதுச்சேரியும் உண்டு. காரைக்கால் அந்த ஆட்சிப் பகுதிக்குள் வருகிறது.

அரசுப் பள்ளிகளைப் புதுச்சேரி கைவிட்டுவிடவில்லை. அவை சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு எம்.பி.பி.எஸ். இடங்களில் 10 சதவீத உள் ஒதுக்கீடு 2023-இல் வந்தது. பக்கத்திலேயே நல்ல அரசுப் பள்ளி இருக்க, பொதுப் பணத்தைத் தனியாருக்கு ஏன் தர வேண்டும் என்று கேட்பதில் நியாயம் உண்டு. ஒரு பிள்ளை தனியார் பள்ளிக்குப் போனால் அரசுப் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் குறைகிறது. பெயர்கள் குறையக் குறைய ஆசிரியர் பணியிடமும் குறைகிறது.

ஆனால் இந்த வாதம் எல்லா நீதிமன்றத்திலும் நிற்கவில்லை. அரசுப் பள்ளி அருகில் இருந்தால் தனியார் பள்ளியில் ஒதுக்கீடு வேண்டாம் என்று கர்நாடகம் விதியைத் திருத்தியது. 2019-இல் அம்மாநில உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. 2024-இல் மகாராஷ்டிரம் அதே வழியில் போனபோது மும்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

எட்டாம் வகுப்புக்குப் பிறகு?

ஒன்பதாம் வகுப்பிலிருந்து முழுக் கட்டணம் பெற்றோர் தலையில். சலுகையில் படித்த பிள்ளை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால், தமிழ்நாட்டின் 7.5 சதவீத மருத்துவ ஒதுக்கீட்டுக்குத் தகுதி உண்டு. சேர்க்கும்போதே இதைக் கணக்கில் வைப்பது நல்லது.

பொதுப் பணம் முதலில் அரசுப் பள்ளிக்கே போக வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கட்சியும். ஆனால் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தைச் சத்தமில்லாமல் கிடப்பில் போடுவது அதற்கு வழியல்ல. புதுச்சேரி அரசு 25 சதவீதச் சேர்க்கையை நடத்த வேண்டும். முடியாதென்றால் காரணத்தை எழுத்தில் வெளியிட வேண்டும். வரிச்சிக்குடிப் பெற்றோருக்கு அந்தப் பதிலாவது வந்து சேர வேண்டும்.