தென்னைக்கு மறுபிள்ளை கிடைக்குமா?

கோவை மாவட்டப் பொள்ளாச்சித் தோப்புகளில் வேர்வாடல் நோய். வாடிய மரங்களுக்கு நடுவே ஒரு தென்னை மட்டும் தளதளவென்று நிற்பதுண்டு. அதன் கன்று கிடைத்தால்? தென்னை வாழையைப் போல் பக்கக்கன்று விடாது. காயை நட்டாலோ, அயல் மகரந்தத்தால் தாயின் குணம் மாறிவிடலாம்.

ஆகவே, இளம்பாளைத் துணுக்கைச் சர்க்கரை கலந்த சத்துக் கூழில் இட்டு, இருட்டறையில் வளர்க்கப் பார்க்கிறார்கள் விஞ்ஞானிகள். தூண்டிவிடுவது ஹார்மோன். வயலில் களையைக் கொல்லும் '2,4-டி' மருந்தேதான் இங்கே துளியளவில் உயிரூட்டுகிறது! துணுக்கு கறுக்காமலிருக்கக் கரித்தூள் போடுவார்கள். கரியோ ஹார்மோனையும் உறிஞ்சிவிடும். அளவைப் பிடிப்பதுதான் பெரும்பாடு.

வேடிக்கையைக் கேளுங்கள்! 1941-ல் அமெரிக்காவில் ஊமத்தங் கருவை வளர்க்க உதவியது தேங்காய்த் தண்ணீர். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தும், தென்னையின் பிள்ளை தானே வளரவில்லை! பேரீச்சைக் கன்றுகள் இம்முறையில் விற்பனைக்கே வந்துவிட்டன. தென்னை இன்னும் எளிதில் பிடி கொடுக்கவில்லை.