பழைய வால்வ் அம்பிளிபயர்: எந்தக் கப்பாசிற்றரை மாத்த வேணும், எதை விட வேணும்?

மேசையில கிடக்கிறது பழைய றேடியோகிராம் ஒண்டுக்குள்ள இருந்து கழட்டின வால்வ் அம்பிளிபயர். ஈஎல் 84 எண்ட வெளியீட்டு வால்வ் ஒண்டு, அதுக்கு முன்னால ஈசிசி 83, பவருக்கு ஈசெட் 81. இலங்கை வானொலி கேட்ட காலத்து இப்பிடியான சாமான் யாழ்ப்பாணத்தில கனபேரின்ர வீட்டில இன்னும் தூசி பிடிச்சுக் கிடக்குது.

இதைக் கண்டவுடன எல்லாரும் கேக்கிறது, "விலை கூடின கப்பாசிற்றர் போட்டால் சத்தம் இன்னும் திறமா வருமோ?" எண்டுதான். கப்பாசிற்றர் மாத்தத்தான் வேணும். ஆனால் அது முதல்ல வால்வையும் ரான்ஸ்போமரையும் காப்பாத்த. சத்தம் தானாத் திரும்பி வரும்.

உங்களிட்டையும் ஒண்டு இருந்தால், தயவுசெய்து இப்ப கரண்டில கொழுவ வேண்டாம்.

ஏன்? எங்கட ஊர்ச் சாமானுக்கு ஒரு தனிக் கதை இருக்கு. 1990 இல சண்டை திரும்பத் துவங்கினாப் பிறகு குடாநாட்டில வருஷக்கணக்காக் கரண்ட் இல்லை. பற்றரிக்கும் தடை. சனம் சைக்கிள் டைனமோவைச் சுத்தித்தான் செய்தி கேட்டது. ஆனால் டைனமோவில பாடினது ட்ரான்சிஸ்டர் றேடியோ. வால்வுக்கு ஹீற்றருக்கு மட்டும் 6.3 வோல்ற் வேணும், அதுக்கு மேல 250, 300 வோல்ற் வேணும். அதால வால்வ் செற் எல்லாம் மூலைக்குப் போச்சுது. 1995 ஒக்ரோபர் கடைசியில வலிகாமச் சனமே ஊரை விட்டு எழும்பி நடந்த நேரம், இந்தப் பாரத்தை ஆர் தூக்கிக்கொண்டு போறது? பூட்டின வீட்டுக்குள்ளயே கிடந்தது. ஓடித் தேஞ்ச அம்பிளிபயரை விட, ஓடாமல் கிடந்த அம்பிளிபயர்தான் எங்களிட்டைக் கூட.

எலக்ட்ரோலிற்றிக் கப்பாசிற்றருக்கு ஓடாமல் கிடக்கிறதுதான் கெடுதி. உள்ளுக்குள்ள அலுமினியத் தகடு. அதுக்கு மேல மெல்லிய ஒக்சைட் படை. வோல்ற் போய்க்கொண்டிருந்தால் அந்தப் படை தன்னைத்தானே சரிக்கட்டிக்கொண்டிருக்கும். வருஷக்கணக்கா வோல்ற் இல்லாட்டி படை பலவீனப்படும். ஈரப்பசையும் எங்கட வெக்கையில காயும். பிறகு திடீரெண்டு 300 வோல்ற் குடுத்தால் கரண்ட் கசியும், சூடேறும், கடைசியில வெடிக்கும். அதோட றெக்ரிபயர் வால்வும் பவர் ரான்ஸ்போமரும் போகலாம். ரான்ஸ்போமர் போனால் அதே மாதிரி ஒண்டு எடுக்கிறது லேசில்லை.

வேலை துவங்க முதல் ஒரு விஷயம். பிளக்கைக் கழட்டினாலும் உள்ளுக்குக் கரண்ட் நிக்கும். எலக்ட்ரோலிற்றிக் இருக்கிற இந்தத் தகரக் குப்பிக்குள்ள 32, 32 எண்டு ரெண்டு பிரிவு, மொத்தம் 64 மைக்ரோபரட். ஆளைத் தூக்கி எறிய அது காணும். ஸ்குறூட்றைவரால தட்டிப் பொறி பறக்க விடுறதை நான் ஒத்துக்கொள்ள மாட்டன். 10 கிலோஓம், 5 வாற் றெசிஸ்ரர் ஒண்டுக்கு ரெண்டு வயரும் முதலைக் கிளிப்பும் போட்டு, சேசிக்கும் கப்பாசிற்றருக்கும் குறுக்க பிடியுங்கோ. நாலைஞ்சு செக்கனில இறங்கிப் போகும். பிறகு மீற்றர் வைச்சு, பூச்சியத்தைக் கண்ணால கண்டாப் பிறகுதான் கை வைக்க வேணும்.

இப்ப பவர்ப் பக்கம். தோட்டத்துக்கு இறைக்கேக்க விட்டுவிட்டு வாற தண்ணியைத் தொட்டி பிடிச்சு ஒரே சீரா வாய்க்காலுக்கு விடுறமெல்லே, இந்தக் கப்பாசிற்றருக்கும் அதுதான் வேலை. அது காஞ்சால் ஸ்பீக்கரில "ம்ம்ம்" எண்டு இரையும். புதுசு 450 வோல்ற், 105 பாகை எண்டு எழுதினதா எடுங்கோ. கொழும்பு போறவை புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில தேடலாம், சென்னை போறவை ரிச்சி தெருவில.

இதில ஆக்கள் விடுற பிழை, அளவைக் கூட்டுறது. இப்பத்தைக் கப்பாசிற்றர் சின்னன், மலிவு. அப்ப 220 போடுவமே எண்டு நினைக்கிறது. போட வேண்டாம். வால்வ் றெக்ரிபயருக்கு அடுத்து வாற முதல் கப்பாசிற்றருக்கு ஒரு எல்லை இருக்கு: ஈசெட் 81 க்கு 50 மைக்ரோபரட், ஜீசெட் 34 எண்ட றெக்ரிபயருக்கு 60. அதுக்கு மேல போனால் ஒவ்வொரு சுற்றிலயும் பாயிற கரண்ட் கூடி வால்வுக்குள்ள பொறி பறக்கும். 32 இருந்த இடத்தில 33 போடுங்கோ, காணும். பழைய குப்பியை எறியவும் வேண்டாம். வயரை மட்டும் கழட்டிப்போட்டு மேல அப்பிடியே நிக்க விட்டு, புதுசைச் சேசிக்குக் கீழ கட்டுங்கோ.

அடுத்தது இந்தச் சின்னன்: ஈசிசி 83 இன்ர அனோட்டில இருந்து ஈஎல் 84 இன்ர இரண்டாம் காலுக்கு, அதாவது கிறிட்டுக்குப் போற கப்பாசிற்றர். மெழுகு பூசின கடதாசிக் கப்பாசிற்றர், 0.022 மைக்ரோபரட். என்னைக் கேட்டால் முழு அம்பிளிபயரிலயும் முக்கியமானது இதுதான். பாட்டை விட வேணும், அந்தப் பக்கத்து 200 வோல்ற்றை மறிக்க வேணும். கடதாசி ஈரத்தைக் குடிக்கும். கடல் சூழ்ந்த ஊரில கேக்கவும் வேணுமோ? ஈரம் ஏறினால் மறிக்காது.

எவ்வளவு கசிஞ்சால் ஆபத்து? வெறும் 10 மைக்ரோஅம்பியர். அது 470 கிலோஓம் கிறிட் றெசிஸ்ரரால போகேக்க கிறிட்டில பிளஸ் 4.7 வோல்ற் வந்திடும். ஈஎல் 84 க்கு 250 வோல்ற்றில வேண்டிய பயஸே மைனஸ் 7.3 தான். அந்த நிலையில 48 மில்லிஅம்பியர் ஓடும்; கணக்குப் பாத்தால் 12 வாற். அந்த வால்வின்ர உச்ச எல்லையும் 12 வாற். முதலே எல்லையில நிக்கிற வால்வை இந்தக் கசிவு அங்கால தள்ளிவிடும். தகடு சிவக்கும், பிறகு வெளியீட்டு ரான்ஸ்போமரின்ர சுருள் எரியும்.

இதைச் சோதிக்கலாம். கப்பாசிற்றரின்ர கிறிட் பக்கத்துக் காலை மட்டும் கழட்டி, அந்த நுனிக்கும் சேசிக்கும் இடையில மல்ரிமீற்றரைப் போட்டு, பிறகு கடைசியில சொல்லுற தொடர் பல்போட ஓன் பண்ணுங்கோ. முதல்ல ஒருக்கா ஏறி இறங்கும். நல்ல கப்பாசிற்றர் எண்டால் பூச்சியத்துக்குக் கிட்ட வந்து நிக்கும். நான் சொன்ன அளவுக்குக் கசிஞ்சால், 10 மெகாஓம் மீற்றரில 60, 70 வோல்ற் காட்டும். கடதாசி எண்டால் சோதிக்காமல் மாத்தினாலும் குற்றமில்லை. சாதாரண பொலிப்புறொப்பிலீன், 630 வோல்ற், அதே 0.022. பத்து மடங்கு விலையில விக்கிறதும் செய்யப்போற வேலை அதேதான், மறிக்கிறது. அளவை 0.1 ஆக்கினால் பாஸ் கூடும் எண்டு சொல்லுவினம். இந்தச் சின்ன ரான்ஸ்போமர் அந்தப் பாஸைத் தாங்காது, பாட்டுக் கலங்கும்.

மைக்கா, செறாமிக் கப்பாசிற்றரைத் தொட வேண்டாம். அவை அனேகமா நல்லா இருக்கும். ஆனால் கரண்ட் வாற வயரில இருந்து சேசிக்குப் போற கப்பாசிற்றர் இருந்தால் கட்டாயம் மாத்துங்கோ, அதுவும் வை (Y) வகைப் பாதுகாப்புக் கப்பாசிற்றராலதான். அது ஷோட் ஆனால் சேசியே கரண்ட் ஆகும்.

முடிஞ்சுது. முதல்தரம் ஓன் பண்ணேக்க 60 வாற் பழைய இழை பல்ப் ஒண்டைத் தொடரில போடுங்கோ. வோல்ற் தெரிவு இருந்தால் 240 இல வையுங்கோ, எங்கட கரண்ட் 230. பல்ப் மங்கலா நிண்டால் நல்லது. பளிச்செண்டு எரிஞ்சால் உடன நிப்பாட்டுங்கோ. சரி எண்டால் பல்பைக் கழட்டிப்போட்டு, ஈஎல் 84 இன்ர மூண்டாம் காலை அளவுங்கோ. அங்க 135 ஓம் றெசிஸ்ரர் எண்டால் 7 வோல்ற்றுக்குக் கிட்ட இருக்க வேணும். 11 எண்டு காட்டினால் 80 மில்லிஅம்பியருக்கு மேல ஓடுது, நிப்பாட்டித் திரும்பத் தேடுங்கோ. ஒரு மணித்தியாலம் பாட விட்டு, அதே இடத்தை இன்னொருக்கா அளவுங்கோ. சூடேறினாப் பிறகுதான் சில கசிவு தலை காட்டும்.

வெளியீட்டு ரான்ஸ்போமர் நல்லதோ கெட்டதோ எண்டு கண்டுபிடிக்கிறதை அடுத்த காணொளியில பாப்பம்.