கைப்பக்குவத்துக்கு என்ன விலை?

1924-இல் பெங்களூரில் உணவகமாகத் தொடங்கிய எம்.டி.ஆர்., 1970-களின் நடுவில் நெருக்கடிநிலைக் காலத்து விலைக் கட்டுப்பாடு உணவகத் தொழிலை இறுக்கியபோது, மசாலாப் பொடிகளையும் மாவுக் கலவைகளையும் பாக்கெட்டில் அடைத்து விற்கத் தலைப்பட்டது. 2007-இல் நார்வேயின் ஆர்க்லா நிறுவனம் விலைகொடுத்து வாங்கியது இந்தப் பாக்கெட் உணவுத் தொழிலை மட்டுமே. புகழுக்கு ஊற்றுக்கண்ணான உணவகங்கள் நிறுவியவர் குடும்பத்திடமே இருந்துவிட்டன.

சிறிய உணவுத் தொழிலை விலைபேசுபவர் எதைத் தேடுகிறார் என்பது இப்பிரிவினையிலேயே தெரிகிறது. உரிமையாளர் விலகிய மறுநாளும் அதே சுவையில் பண்டம் வெளிவருமா என்பதே அவருடைய முதல் கேள்வி. சாம்பார் பொடியை எடுத்துக்கொண்டால், நிறத்துக்குப் பியாட்கி மிளகாயும் காரத்துக்குக் குண்டூர் மிளகாயும் எந்த விகிதத்தில் சேர வேண்டும், மல்லியின் ஈரப்பதம் எவ்வளவு இருந்தால் அரவைக்கு ஏற்கலாம், வறுவலை எந்தச் சூட்டில் நிறுத்த வேண்டும் என்பன எழுத்தில் இருந்தால்தான் அது கைமாறத்தக்க சொத்தாகும். வாசனை வந்ததும் இறக்கிவிடும் பாட்டியின் கணிப்பு எவ்வளவு துல்லியமானதாயினும் அதை விற்பனை ஒப்பந்தத்தில் சேர்க்க வழியில்லை.

அடுத்து வருவது கணக்கு. இத்தகைய தொழில்களுக்குப் பெரும்பாலும் ஆண்டு லாபத்தின் இத்தனை மடங்கு என்றே விலை வைக்கப்படுகிறது. ஆனால் சம்பளமின்றி உழைக்கும் மனைவி, மக்களின் உழைப்பு செலவுப் பக்கத்தில் ஏறாததால் ஏட்டில் தெரியும் லாபம் பல வேளைகளில் மிகையானது. வாங்குபவர் அந்த வேலைகளுக்கு ஆள் வைத்தால் ஆகும் கூலியைக் கழித்த பிறகே பேரத்துக்கு உட்காருகிறார். வீட்டுப் பெண்களின் உழைப்புக்கு முதன்முதலாக ரூபாய்க் கணக்கு எழுதுபவர் வெளியாளாக இருப்பது கவனிக்கத்தக்கது. ரொக்க விற்பனையை ஏட்டில் ஏற்றாமல் வரியை மிச்சப்படுத்தியவரோ, விற்கும் நாளில் அந்த லாபத்துக்குச் சான்று காட்ட இயலாமல் விலையில் இழக்கிறார்.

பெயரும் சொத்துதான், ஆயினும் எல்லாப் பெயரும் விற்பனைக்குரியதன்று. ஒரு நிறுவனத்தின் சரக்கைப் பிறர் சரக்கிலிருந்து பிரித்துக் காட்டும் வணிகச்சின்னத்தைப் பதிவு செய்தால், அது பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கத்தக்கதும் பிறருக்கு எழுதிக் கொடுக்கத்தக்கதுமான உரிமையாகிறது. ஒரு வட்டாரத்தோடு பிணைந்த பண்டத்துக்குத் தரப்படும் புவிசார் குறியீடு அப்படிப்பட்டதன்று. 2020-இல் அதைப் பெற்ற கோவில்பட்டி கடலைமிட்டாயின் பெயர் அவ்வட்டாரத்து உற்பத்தியாளர் அனைவருக்கும் பொதுவானது. 1999-ஆம் ஆண்டுச் சட்டம் அக்குறியீட்டை விற்கவோ அடகு வைக்கவோ இடம் தருவதில்லை. எனவே ஊர்ப்பெயரை மட்டும் பலகையில் தாங்கிய கடையின் மதிப்பு, தனக்கெனப் பதிவுபெற்ற பெயருள்ள கடையின் மதிப்பைவிடக் குறைந்தே நிற்கும்.

விற்பனையில் பாதி ஒரே மொத்த வியாபாரியிடம் போகிறதா, கடைக்காரர்களிடம் நிற்கும் பாக்கி வசூலாகக் கூடியதா, இடத்தின் குத்தகை புதிய உரிமையாளர் பெயருக்கு மாறுமா என்பனவும் பார்க்கப்படுகின்றன.

கேரளத்தின் அடிமாலியில் 1983-இல் தோன்றிய ஈஸ்டர்ன் மசாலா நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கையும் 2021-இல் ஆர்க்லாவே வாங்கியது. அங்கே நிறுவனர் குடும்பம் முழுவதுமாக வெளியேறாமல், எம்.டி.ஆருடன் இணைந்த நிறுவனத்தில் ஒரு சிறு பங்கை வைத்துக்கொண்டது. ஏலக்காய், மிளகு வியாபாரிகளுடனான பழக்கம் ஆளோடு ஒட்டியது என்பதால், விற்றவரைச் சில காலமேனும் உள்ளே நிறுத்திக்கொள்ளும் இத்தகைய ஏற்பாட்டை வாங்குபவர்கள் பொதுவாக விரும்புகிறார்கள்.