விலையில்லா மருந்தின் விலை

சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் நாள் முழுவதும் நின்று பணிபுரியும் ஒரு பெண்ணுக்கு முழங்கால்தான் மூலதனம். முடக்குவாதத்தால் அது மடங்க மறுத்தால், முதலில் நடை போகும். அடுத்து வேலை போகும்.

முடக்குவாதம் முதுமையில் வரும் மூட்டுத் தேய்மானம் அன்று. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே மூட்டின் உட்சவ்வைத் தாக்குவதால் உண்டாகும் அழற்சி. ஆண்களைவிடப் பெண்களையே இது மிகுதியாகப் பாதிக்கிறது. பலருக்கு உழைக்கும் வயதிலேயே தொடங்கிவிடுகிறது.

மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் அழற்சியைக் கட்டுப்படுத்துகின்றன. அவற்றை நிறுத்தக் கூடாது. ஆனால், இழந்த தசை வலிமையை மருந்து மட்டும் மீட்டுத் தராது. முழங்கால் வீங்கும்போது தொடையின் முன்புறத் தசை செயல் குன்றுகிறது. வலிக்கு அஞ்சிக் காலை அசைக்காதிருந்தால் அது மேலும் மெலிகிறது. இந்தச் சுழலை உடைப்பது பயிற்சியே.

மூட்டுநோய்க்கு ஓய்வே மருந்து என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. நெதர்லாந்தில் சுமார் 300 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு, 2003-இல் வெளியான ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்தது. இரண்டு ஆண்டுகள், வாரம் இருமுறை தீவிரப் பயிற்சி பெற்றவர்களின் செயல்திறன் மேம்பட்டது. பெரிய மூட்டுகளின் சேதம் பொதுவாக அதிகரிக்கவில்லை. ஏற்கெனவே மிகவும் சிதைந்த மூட்டுகளுக்கு மட்டும் கூடுதல் எச்சரிக்கை தேவைப்பட்டது.

பயிற்சிகள் எளியவை. காலை நீட்டி அமர்ந்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டி வைத்த துண்டை ஐந்து விநாடி அழுத்துவது. படுத்தபடி காலை நேராக உயர்த்துவது. நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வது. பிறகு நடைப்பயிற்சி, மிதிவண்டி. மூட்டு சூடாகி வீங்கியிருக்கும் நாள்களில் மென்மையான அசைவு போதும். பயிற்சிக்குப் பின் இரண்டு மணி நேரத்துக்கு மேலும் கூடுதல் வலி நீடித்தால் அளவைக் குறைக்க வேண்டும். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தே உறங்கினால் கால் மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். தொடக்கத்தில் இயன்முறை மருத்துவரின் மேற்பார்வை அவசியம்.

இதற்கு விலையில்லை, ஆனால், செலவு உண்டு என்பது பொருளியலின் பாலபாடம். கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனை சேதராப்பட்டுக்கு எட்டாத தொலைவில் இல்லை. எனினும், ஒரு மணி நேரப் பயிற்சிக்காக ஒரு நாள் கூலியை வாரம் இருமுறை இழக்க எந்தக் குடும்பத்தால் முடியும்? பயிற்சி பாதியில் நின்றுபோவதை நோயாளியின் சோம்பல் என்பது நியாயமன்று.

அண்டையில் உள்ள தமிழகம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. புதுவையின் தொழிற்பேட்டைகளில் பணிநேரம் முடியும் வேளையில், வாரம் இருமுறை இயன்முறை மருத்துவர் ஒருவர் அமர ஏற்பாடு செய்யலாம். இ.எஸ்.ஐ. திட்டம் காப்பீடு பெற்ற தொழிலாளிக்கு நோய்க்கால உதவியாக ஊதியத்தில் 70 விழுக்காட்டை ஆண்டுக்கு 91 நாள்கள் வரை வழங்குகிறது. நடக்க முடியாமல் போன பின் தரும் அந்தத் தொகையைவிட, நடக்க வைப்பதற்கு ஆகும் செலவு சிறியதாகவே இருக்கும்.