வீட்டிற்கும் ஓர் ஆடை

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மாந்தரின் அடிப்படைத் தேவைகள் என்பர். உடலுக்கு உடை இன்றியமையாதது போல, உறையுளுக்கே ஓர் உடை தேவைப்படும் நாடுகளும் உள. கனடா, அமெரிக்க ஐக்கிய நாடுகள் முதலிய நாடுகளில் மரத்தால் வீடு கட்டப்படும் இடங்களுக்குச் சென்றால், எழுப்பிய சுவர்களைச் சுற்றி மெல்லிய வெண்ணிறத் தாள் ஒன்று போர்த்தப்பட்டிருப்பதைக் காணலாம். வீடு முழுமை பெற்றபின் அத்தாள் எவர் கண்ணுக்கும் புலப்படாது. ஆயினும், அவ்வீடு தலைமுறை தலைமுறையாக நிலைத்து நிற்குமா, பத்தே ஆண்டுகளில் உளுத்துப்போகுமா என்பதை முடிவு செய்வதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. கட்டுமானத் தொழிலர் அதனை 'ஹவுஸ் ராப்' என்பர். நாம் 'சுவருறை' என வழங்குவோம். அச்சுவருறை நீரையும் காற்றையும் ஆளும் முறை யாது, அம்முறை தவறியபோது விளைந்த கேடு யாது என்பவற்றை ஈண்டுக் காண்போம்.

மரச்சுவரின் இயல்பு

நமக்குப் பழக்கமான செங்கற்சுவர் தடித்தது. மழை பெய்தால் நீரை ஓரளவு உறிஞ்சிக்கொள்ளும். வெயில் எறித்தால் அந்நீரை வெளிவிட்டு உலரும். நனைவதாலேயே செங்கல் அழுகுவதில்லை. மரச்சுவர் அத்தகையதன்று. அது பல அடுக்குகளால் ஆனது. வீட்டின் உட்புறத்தில் ஜிப்சம் பலகை, அதன் பின்னே செங்குத்தான மரச்சட்டங்கள், சட்டங்களுக்கிடையே வெப்பத்தைக் காக்கும் கண்ணாடி இழைப் பஞ்சு, அதற்கும் அப்பால் பிளைவுட் அல்லது மரச்சீவல்களைப் பசையிட்டு அழுத்திச் செய்த பலகை, அதன்மேல் சுவருறை, எல்லாவற்றிற்கும் வெளியே மழையையும் வெயிலையும் நேரே தாங்கும் மேலுறை. மேலுறை மரப்பட்டிகையாகவோ, வினைல் தகடாகவோ, ஒற்றைச் செங்கல் வரிசையாகவோ, சிமெண்டுப் பூச்சாகவோ அமையும்.

மரத்தில் உள்ள ஈரம் அதன் உலர்ந்த எடையில் நூற்றுக்கு 20 பங்கிற்குள் இருக்கும்வரை அது அழுகுவதில்லை. அவ்வளவு 30 பங்கை நெருங்கி நெடுநாள் அங்கேயே நிலைத்துவிட்டால், பூஞ்சை வேர்கொண்டு மரத்தைத் தின்னத் தொடங்கும். இங்கு 'நெடுநாள்' என்னும் சொல் கருதத்தக்கது. மரம் ஒருமுறை நனைவதால் கேடில்லை; நனைந்தது உலராமற்போவதே கேடு.

முற்காலத்து மர வீடுகளில் சுவரின் உட்புறம் வெற்றிடமாக இருந்தது. அறையை வெதுவெதுப்பாக்க மூட்டிய தீயின் வெப்பம் சுவர் வழியே கசிந்து வீணாயிற்று. எனினும் அவ்வீண் செலவே சுவரின் ஈரத்தையும் உலர்த்தி வந்தது. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் எரிபொருளைச் சிக்கனப்படுத்தும் நோக்குடன் சுவர்களில் பஞ்சு மிகுதியாக அடைக்கப்பட்டது. வெப்பம் உள்ளேயே தங்கியது, வெளிப்பலகை குளிர்ந்தது, உலரும் ஆற்றல் குறைந்தது. ஆகவே, ஈரத்தை ஆளும் பொறுப்பு முன்னிலும் பெரிதாயிற்று.

ஈரம் புகும் வழிகள்

சுவருக்குள் ஈரம் புகும் வழிகளுள் மூன்று முதன்மையானவை. முதலாவது மழை. எந்த மேலுறையும் முழுமையாக நீரைத் தடுப்பதில்லை. காற்றின் அழுத்தத்தாலும், நுண்துளைகளின் ஈர்ப்பாலும், சாளர ஓரங்களில் உள்ள சிறு விரிசல்களாலும் மழைநீரில் ஒரு பகுதி மேலுறையைக் கடந்து உட்செல்லும். ஆதலின், மேலுறைக்குப் பின்னே இரண்டாம் காவல் ஒன்று வேண்டப்படுகிறது. சுவருறையின் முதற்பணி இதுவே.

இரண்டாவது வழி காற்று. வெப்பக் காற்று மிகுந்த நீராவியைச் சுமக்கும், குளிர்காற்று சுமக்காது. 20 பாகை செல்சியசு வெப்பமுள்ள ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத் தாங்கவல்லது. அதுவே 0 பாகைக்குக் குளிர்ந்தால் ஏறத்தாழ 5 கிராமே தாங்கும். பனிக்காலத்தில், சமைத்தலாலும் குளித்தலாலும் மாந்தர் மூச்சாலும் ஈரமடைந்த அறைக்காற்று, மின்பெட்டிகளின் ஓரமாகவும் பலகைகளின் இடுக்கு வழியாகவும் சுவருக்குள் கசிகிறது. அங்கே குளிர்ந்த வெளிப்பலகையைத் தொட்டவுடன் பனிநிலையை அடைந்து நீராகப் படிகிறது. குளிர்நீர் நிறைந்த செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதை ஒத்த நிகழ்ச்சியே இது.

மூன்றாவது வழி விரவல். துளை ஏதுமின்றியே நீராவி பொருள்களின் ஊடாக மெல்லப் பரவுவது அது. இவ்விரண்டனுள் எது பெரிது என்பதற்குக் கட்டடவியலார் ஒரு கணக்குக் காட்டுவர். நான்கடி அகலமும் எட்டடி உயரமும் உள்ள ஜிப்சம் பலகையின் ஊடாகக் குளிர்நாடொன்றின் பனிக்காலம் முழுவதும் விரவலால் செல்லும் நீர் ஏறத்தாழ மூன்றில் ஒரு லிட்டர். அதே பலகையில் ஓர் அங்குலச் சதுரத்தில் துளையிட்டால், அத்துளை வழியே காற்றோடு செல்லும் நீர் ஏறத்தாழ 30 லிட்டர். பலகை முழுவதும் செய்யாத தீங்கை ஒரு சிறு துளை செய்துவிடுகிறது. காற்றை அடக்காமல் ஈரத்தை அடக்க இயலாது என்பது இதனால் தெளிவாகும்.

மூச்சு விடும் தாள்

காற்றும் நீரும் புகலாகாது எனில், சுவரைப் பாலிதீன் தாளால் இறுகச் சுற்றிவிடலாமே என்னும் வினா எழும். அங்ஙனம் செய்தால் வெளிநீர் புகாது. ஆனால் உள்ளே சேர்ந்துவிட்ட ஈரமும் வெளியேறாது. மழைக்காப்பு நெகிழித் துணியை நெடுநேரம் அணிந்தவர் உள்ளே வியர்வையால் நனைவது போல, அச்சுவரும் உள்ளிருந்தே நனையும். எனவே சுவருறை நீர்த்துளியைத் தடுக்கவும், காற்றோட்டத்தை அடக்கவும், நீராவிக்கு மட்டும் வழிவிடவும் வேண்டும்.

பழங்காலத்தில் இப்பணியைத் தார் தோய்த்த தடித்த தாள் செய்து வந்தது. இன்றும் பல இடங்களில் அது பயனில் உள்ளது. 1955இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்து ஆய்வாளர் ஜிம் ஒயிட், ஆய்வுக்கூடக் குழாய் ஒன்றிலிருந்து பாலிதீன் பஞ்சிழை வெளிப்படுவதைக் கண்டார். அவ்விழைகளை நெய்யாமலே பரப்பி, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் பிணைத்துச் செய்த தாளே 'டைவெக்'. 1967 முதல் வணிகத்திற்கு வந்த அத்தாள், பின்னர் உறுதியான அஞ்சல் உறைகளாகவும், பாதுகாப்பு உடைகளாகவும், சுவருறையாகவும் பயன்பட்டது. இன்று பல நிறுவனங்கள் பலவகைச் சுவருறைகளைச் செய்கின்றன.

அதன் நுட்பம் எளிது. இழைகளுக்கிடையே உள்ள இடைவெளி மிக நுண்ணியது. பாலிதீன் நீரோடு ஒட்டாத இயல்பினது. ஆதலின் நீர்த்துளி தன் பரப்பு இழுவிசையால் திரண்டு மேலேயே நிற்கும். நீராவியோ தனித்தனி மூலக்கூறுகளாய்ப் பரவுவது. இடைவெளி வழியே எளிதிற் செல்லும். நீராவிக்கு ஒரு பொருள் எவ்வளவு வழிவிடும் என்பதை அமெரிக்காவில் 'பெர்ம்' என்னும் அலகால் அளப்பர். தடித்த பாலிதீன் விரிப்பின் அளவு ஒரு பெர்மில் பத்தில் ஒரு பங்கையும் எட்டாது. உலர்ந்த தார்த்தாள் ஏறத்தாழ 5 பெர்ம்; நனைந்தால் அது பன்மடங்கு உயரும். டைவெக் வகைச் சுவருறையோ 50 பெர்மைத் தாண்டும்.

வான்கூவர் தந்த பாடம்

தடுத்தல் மட்டும் போதாது, உலர்தலும் வேண்டும் என்னும் உண்மையைக் கனடாவின் மேற்குக் கரை பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1980களிலும் 1990களிலும் வான்கூவர் நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் மரச்சட்டத்தாலான அடுக்குமாடிக் குடியிருப்புகள் மிகுதியாக எழுந்தன. வெயில் மிகுந்த கலிபோர்னியக் கட்டட அழகைப் பின்பற்றி, அவற்றுள் பல சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பின்றி, வெளியே சிமெண்டுப் பூச்சுடன் கட்டப்பட்டன. பூச்சே நீரைத் தடுத்துவிடும் என நம்பினர்; புகுந்த நீர் வடியவும் உலரவும் வழி வைத்தாரில்லர்.

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. வான்கூவரில் பெய்வது ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டரே. ஆனால் சென்னை மழை சில வாரங்களில் கொட்டித் தீர்க்கும். பின்னர் வெயில் காயும். வான்கூவர் மழையோ ஆண்டில் நூற்றைம்பது நாட்களுக்கு மேல் தூறிக்கொண்டேயிருக்கும். நனைந்த சுவர் உலர அங்கு ஓய்வே கிட்டுவதில்லை.

விளைவு கொடியதாயிற்று. குடிபுகுந்து சில ஆண்டுகளிலேயே வெளிப்பலகைகள் களிமண்ணாய்க் குழைந்தன; மரச்சட்டங்கள் கையால் பிய்க்குமளவுக்கு உளுத்தன. பழுதுபார்ப்பதற்காக நீலநிறத் தார்ப்பாய் போர்த்திய கட்டடங்கள் நகரெங்கும் காட்சியளித்தன. வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வீடு வாங்கியோர், வாங்கிய கடன் தீருமுன்னே பழுதுபார்க்கவும் பெருங்கடன் பட்டனர். வழக்குத் தொடுப்போம் என்றால் கட்டிய நிறுவனங்களுள் பல கலைக்கப்பட்டிருந்தன. மொத்த இழப்பு பல நூறு கோடி டாலர் என மதிப்பிடப்பட்டது. பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தின் முன்னாள் முதல்வர் டேவ் பாரெட் தலைமையில் 1998இல் விசாரணை ஆணையம் அமைந்தது. அதே ஆண்டில் வீட்டு உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பாதிக்கப்பட்டோருக்கு வட்டியில்லாக் கடனும் வழங்கப்பட்டது.

நீர் எங்கே புகுந்தது என்று ஆராய்ந்தோர் கண்டது யாது? பரந்த சுவர்ப்பரப்பின் வழியாக அன்று. சாளரத்தின் மூலைகள், முகப்பு மாடத்தின் கைப்பிடிச் சுவர்கள், இருவேறு பொருள்கள் கூடும் இணைப்புகள் ஆகியவற்றின் வழியாகவே மிகுதியாகப் புகுந்திருந்தது. கூரை விளிம்பு எந்த அளவு நீண்டிருந்ததோ, அந்த அளவு கேடு குறைந்திருந்தது என்பதும் தெரியவந்தது. நியூசிலாந்தும் இதே காலத்தில் இதே வகைத் துன்பத்திற்கு ஆளாகி, 2004இல் புதிய கட்டடச் சட்டம் இயற்றியது.

போர்த்தும் முறை

ஆகவே, தாளின் தரத்தினும் அதனைப் போர்த்தும் கையின் தரம் பெரிதாகிறது. முதல் விதி, கீழிருந்து மேலாகப் போர்த்துதல். மேல்தாளின் விளிம்பு கீழ்த்தாளின்மேல் படியவேண்டும். கூரையோடு வேய்வதும் இம்முறையிலேதான். இதனை மாற்றிக் கீழ்த்தாள் மேலே வருமாறு வைத்துவிட்டால், வழிந்து வரும் நீரைச் சுவருறையே சுவருக்குள் ஊற்றிவிடும். இரண்டாவது விதி, இணைப்புகளை ஒட்டுநாடாவால் மூடுதல். காற்றுத்தடையில் தொடர்ச்சி அறுந்தால் பயனும் அறும். மூன்றாவது விதி, சாளரத்தின் அடிப்பகுதியில் வெளிநோக்கிச் சரிந்த நீர்த்தட்டு அமைத்தல். சாளரம் ஒருநாள் ஒழுகும் என ஏற்றுக்கொண்டு, அந்நீர் வெளியே வழிய ஏற்பாடு செய்வதே அறிவுடைமை. நான்காவது விதி, மேலுறைக்கும் சுவருறைக்கும் இடையே ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் இடைவெளி விடுதல். புகுந்த நீர் அவ்விடைவெளியில் வடியும். எஞ்சியதைக் காற்று உலர்த்தும். வான்கூவரில் கேடுற்ற சுவர்கள் பின்னர் இவ்விடைவெளியுடனேயே திருத்திக் கட்டப்பட்டன.

மழையைத் திசைதிருப்பு, புகுந்ததை வடியவிடு, எஞ்சியதை உலரவிடு, அதற்கும் தாங்கும் பொருளைத் தேர்ந்தெடு எனும் நான்கு நெறிகளாகக் கனடியப் பொறியாளர் இப்பாடத்தைத் தொகுத்தனர்.

இடத்திற்கேற்ற ஆடை

ஒரு நாட்டு ஆடை மற்றொரு நாட்டிற்குப் பொருந்தாது. குளிர்நாட்டில் நீராவி வீட்டிற்குள்ளிருந்து வெளிநோக்கிச் செல்லும். வெப்பமும் புழுக்கமும் மிக்க புளோரிடா போன்ற கரைநிலங்களிலோ, குளிரூட்டிய அறையை நோக்கி அது வெளியிலிருந்து உட்செல்லும். அங்கே அறைச்சுவரின் உட்புறத்தில் வினைல் தாள் ஒட்டிய விடுதிகளில், அத்தாளின் பின்னே பூஞ்சை படர்ந்ததைக் கண்டனர். நமது கடற்கரை நகரங்களில் குளிரூட்டிய அறைகள் பெருகிவரும் இந்நாளில், அறைச்சுவரில் நெகிழித் தாள் ஒட்டுவோர் இதனை எண்ணிப்பார்த்தல் நன்று.

நமது செங்கற்சுவருக்குச் சுவருறை வேண்டுவதில்லை. எனினும் சாளரத்தின்மேல் நாம் அமைக்கும் சன்ஷேடும், அதன் அடிவிளிம்பில் நீர் பின்னோக்கி ஓடாது சொட்டுமாறு கொத்தனார் இழுக்கும் சிறு பள்ளமும், மழையைத் திசைதிருப்பும் அந்நெறியின்பாற் பட்டவையே. செலவைக் குறைக்க எண்ணி இவற்றைத் தவிர்ப்போர் வான்கூவரை நினைத்தல் வேண்டும். கனடாவில் குடியேறி மர வீடு வாங்கும் நம் மக்களும், சுவரின் வண்ணத்தைக் காணுமுன் சாளர மூலைகளையும் கூரை விளிம்பையும் நோக்குதல் நலம்.

நீர் புகவே புகாது என்று கட்டிய சுவர்கள் உளுத்தன. புகக்கூடும் என்று எண்ணி, அது வெளியேற வழிவைத்துக் கட்டிய சுவர்கள் நின்றன. வீட்டின் ஆடை பற்றி நாம் அறிந்துகொள்ள வேண்டியது இதுவேயாகும்.